மாடிப்படி ஜன்னலில் வைத்த பெட்டி

சிவப்பு அணைந்து பச்சை வரும், பச்சை வந்ததும் மீதியை நீங்களே முடித்துவிடலாம், அதில் ஒன்றுமே இல்லை டீச்சர் என்று சொல்லிவிட்டு, நெட் இணைப்புக் கொடுக்க வந்த ஆள் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். ஒன்றுமே இல்லை என்று சொல்கிறவர்களைப் பற்றி பியூலாவுக்கு நன்றாகத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அப்படித்தான் சொல்வார், கல்யாணத்துக்கு முன்னால் தரகர் அப்படித்தான் சொல்வார். ஆபீஸிலிருந்து திறந்துவிடுவார்களாம், திறந்தால் பச்சை எரியுமாம். எதைத் திறப்பார்கள், மதகையா? பிஸ்கட் டப்பா அளவிலிருந்த வெள்ளை மோடத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதற்குத்தான் கர்த்தர் துணை வேண்டும். மோடத்தின் முதுகிலிருந்து கறுப்பு வயர் ஒன்று கிளம்பி, ஜன்னல் சட்டத்தில் போட்ட ஓட்டை வழியாக வெளியேறி, வேப்பங்கிளையை உரசிக்கொண்டு போய் மின்கம்பத்தில் ஏறியது. அதற்குள்ளே இருப்பது கண்ணாடி நூல். அந்த ஆள் உரித்துக் காட்டினான். தலைமுடி அளவுதான் இருந்தது. வெட்டிய துணுக்கு ஒன்று தரையில் விழுந்ததை எடுத்துப் பார்க்கக் குனிந்தவளை, “தொட்டுராதீங்க டீச்சர், கையில ஏறிரும்” என்று பதறித் தடுத்தான். அவன் போன பிறகு தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. முழு அக எதிரொளிப்பு. பத்தாம் வகுப்புக்கு எத்தனையோ வருஷம் நடத்திய பாடம். பலகையில் ஒரு குழாய் வரைந்து, அதற்குள் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்து, வெளிச்சம் சுவரில் மோதி மோதி உள்ளேயே போகும் பிள்ளைகளே, வெளியே சிந்தாது, ஏன் சொல்லுங்கள் பார்ப்போம்? ஒருத்தியும் சொன்னதில்லை, ஒருத்தியும் திருப்பிக் கேட்டதுமில்லை. ரிட்டயர் ஆகும்வரை கண்ணால் பார்க்காத சாமான் இப்போது வீடு தேடி வந்து மடியில் கிடக்கிறது. யாராவது நசுக்கினால் சிந்துமா? காக்கா உட்கார்ந்து ஊஞ்சலாடினால்? மஸ்கட்டில் இருக்கிற தங்கை மகன் எபி ‘பெரியம்மா’ என்று வாயைத் திறந்தால் அந்த ‘பெ’ எந்த இடத்தில் வெளிச்சமாகிறது, எந்த இடத்தில் மறுபடியும் ‘பெ’ ஆகிறது? கடலுக்கடியில் அந்த ‘பெ’ கடந்து போகும்போது பக்கத்தில் நீந்துகிற மீனுக்கு ஏதாவது தெரியுமா? கேட்கத் தோன்றியது, கேட்க ஆளில்லை. முன்பெல்லாம் இப்படி ஏதாவது தோன்றினால் மாடிப்படியில் தலையை நீட்டி, “ஏட்டி மேபல், இங்க கேளேன்” என்று குரல் கொடுப்பாள். தங்கைக்கு அறிவியல் என்றால் வேப்பங்காய். “உனக்கு வேற சோலி இல்லயாக்கா” என்பாள். அப்படிச் சொல்லவாவது ஒரு ஆள் இருந்தாள்.

இப்போதும் இருக்கிறாள், எங்கேயும் போகவில்லை. தலைக்கு நேர் மேலே நாற்காலியை இழுக்கிறாள், கேட்கிறது. அது சாப்பாட்டு மேஜை நாற்காலி, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலிக்கு வேறு சத்தம். பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீடு, கீழே அக்கா, மேலே தங்கை, நடுவில் இந்தப் படி. புருஷன் இறந்த பிறகு மேபல் மகன் எபியோடு மாடிக்கு வந்தாள், எபி வளர்ந்து மஸ்கட்டுக்குப் போனான், படியில் மட்டும் போக்குவரத்து நிற்கவேயில்லை. குழம்பு மேலே போகும், தோசை கீழே வரும், தலைவலித் தைலம் போய்ப் போய் வரும், அது யாருடையது என்பதே மறந்துவிட்டது. படிக்குக் கீழே ஒரு கதவு உண்டு, அப்பா எதற்கோ வைத்தது, தாழ்ப்பாள் கீழ்ப்பக்கம். அதை யாரும் சாத்தியதே இல்லை. ஆடிக் காற்று அடித்த ஒரு சாயங்காலம் பியூலா சாத்தினாள். கொழுக்கட்டை கொண்டுபோகப் படியில் ஏறியவள், பாதியில் நின்றாள். மேலே மேபல் எபியோடு பேசிக்கொண்டிருந்தாள். “பெரியம்மைக்கு என்னல, ஒத்தக்கட்டை. பிக்கல் பிடுங்கல் இல்ல. நமக்குத்தாம்ல எல்லாப் பாடும்.” அவ்வளவுதான். அது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. கல்யாணமாகாதவளை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், பியூலாவே தன்னைப் பற்றி எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், பென்ஷன் ஆபீஸில் கூடச் சொல்லியிருக்கிறாள். ஆனால் தானே சொல்வது வேறு, படியில் கொழுக்கட்டைத் தட்டோடு நிற்கும்போது காதில் விழுவது வேறு. வலித்தது. உள்ளபடியே வலித்தது. தட்டோடு திரும்பி இறங்கினாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போட்டாள், கொழுக்கட்டை முழுவதையும் தானே தின்று இரண்டு நாள் வயிற்றோடு மல்லுக்கட்டினாள். மறுநாள் மேபல் ஜன்னல் பக்கம் நின்று, “என்னக்கா, கதவு ஏன் அடைச்சிருக்கு?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றாள் பியூலா. ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களின் கட்சியில் அன்றைக்கு அவளும் சேர்ந்தாள். இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு மேபலும் விட்டுவிட்டாள். அவளுக்கும் ரோஷம் உண்டே, ஒரே வயிற்றில் பிறந்தவள்தானே. அதிலிருந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புப் படியில்தான் ஏறி இறங்குகிறாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. கோவில் அசன விருந்தில் கூட வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தார்கள். குரல் எப்படி அவ்வளவு தெளிவாக இறங்கி வந்தது என்று பியூலா பிற்பாடு யோசித்திருக்கிறாள். இரண்டு பக்கமும் சுவர், மேலே தளம், மோதி மோதி வெளியே சிந்தாமல் நேரே அவள் காதுக்கு வந்திருக்கிறது. மேபல் மெதுவாகத்தான் பேசினாள். குற்றம் படிக்கட்டின் பேரில் என்று கூட ஒரு நாள் வைத்துப் பார்த்தாள், மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்கு முன்பிருந்த நெட் பெட்டி செத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அந்த வீட்டில் ஒரு வழக்கம், இடிச் சத்தம் எவள் காதில் முதலில் விழுகிறதோ அவள் கத்த வேண்டும். “பிளக்கைப் பிடுங்கு!” உடனே அவரவர் தளத்தில் டி.வி., பிரிட்ஜ், மிக்சி, எல்லாம் பிடுங்கப்படும். ஐப்பசி வந்தால் மத்தியானத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் இடி இறங்காத நாள் குறைவு, பழைய ரேடியோ ஒன்றை அப்பா அப்படிப் பறிகொடுத்ததிலிருந்து வந்த சட்டம் இது. பெரும்பாலும் கத்துவது மேபல்தான். மேலே இருப்பவளுக்கு வானம் கிட்ட, தவிர அவளுக்கு இடி என்றால் குலைநடுங்கும். சின்ன வயசில் இடி இடித்தால் போர்வைக்குள் புகுந்து அக்காவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள், மூச்சு சுடும். வெளிச்சம் முதலில் வரும்ட்டி, சத்தம் பிறகுதான் வரும், நாம சத்தத்தைக் கேட்டுட்டோம்னா தப்பிச்சிட்டோம்னு அர்த்தம் என்று பியூலா சொல்லிக்கொடுப்பாள், அடுத்த இடிக்கு அந்தப் பாடமெல்லாம் பறந்துபோகும். போன வாரத்துக்கு முந்தின வாரம் அப்படி ஒரு மத்தியானம். பியூலா இதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாள். இடித்தது. அவளுக்கும் கேட்டது, செவிடில்லையே. பிளக் கையெட்டும் தூரத்தில். மேலே நாற்காலி நகர்ந்தது, ஆக அவளுக்கும் கேட்டிருக்கிறது. சொல்லட்டும் என்று இருந்தாள் பியூலா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை, பிளக்கைப் பிடுங்கு என்று ஒரு வார்த்தை, அதில் என்ன குறைந்துபோகும்? அவள் சொன்னால் பிடுங்கலாம், சொல்லாமல் நானாகப் பிடுங்கினால்... பிடுங்கினால் என்ன? ஒன்றும் இல்லை. ஆனாலும் பிடுங்கவில்லை. மேலே இருந்தவளும் இப்படித்தான் நினைத்திருப்பாள் போலும், அக்காதான் பிடுங்குவாளே, நான் வாயைக் கொடுப்பானேன் என்று. அடுத்த மின்னல் பக்கத்துக் காம்பவுண்டுத் தென்னையில் இறங்கியது. பெட்டியிலிருந்து பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். தென்னை கூட இன்னும் உயிரோடிருக்கிறது.

பெட்டி போன பிறகுதான் இன்னொன்று தெரியவந்தது. மேபலின் போனில் மாடியறைக்குள் சிக்னல் எடுக்காது, எபியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். வேகாத வெயிலில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டு, “ஏல எபி, கேக்குதால? இப்பக் கேக்குதா? இந்தா, இப்ப?” என்று அவள் கேட்டுக்கொண்டேயிருப்பது கொல்லையில் துணி காயப்போடுகிற பியூலாவுக்குக் கேட்டது. மஸ்கட்டுக்குக் கேட்டதா என்று தெரியாது. ஒரு நாள் தூறலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்குகிற ஒவ்வொரு படிச் சத்தமும் பியூலாவின் நெஞ்சில் இறங்கியது. அன்றைக்கே போன் போட்டு, கண்ணாடி நூல் இணைப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தனக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிரசங்கம் கேட்க வேண்டும், வானிலை பார்க்க வேண்டும், நட்சத்திரம் வெடிக்கிற படமெல்லாம் வருகிறதாம், பார்க்க வேண்டும். ஒத்தக்கட்டைக்குப் பொழுது போக வேண்டாமா.

பச்சை. எப்போது மாறியது? பார்த்துக்கொண்டேயிருந்தும் மாறுகிற நொடி தவறிவிட்டது. பால் பொங்குவதும் இப்படித்தான். சரி, திறந்துவிட்டார்கள். இனி மோடத்தையும் ரவுட்டரையும் இணைக்க வேண்டும். ரவுட்டர் கறுப்பு, நாலு கொம்பு, மல்லாந்து கிடக்கிற கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது. மோடம் வெளிச்சத்தை வாங்கும், ரவுட்டர் அதைப் பந்தி மாதிரி வீட்டுக்கு விளம்பும், நடுவில் மஞ்சள் வயர். கூட வந்த சிறு புத்தகத்தில் உலகத்திலுள்ள பாஷையெல்லாம் இருந்தது, தமிழைத் தவிர. மஞ்சள் வயரை நீலத் துளையில் செருக வேண்டும் என்று படம் போட்டிருந்தது. மஞ்சளுக்கு மஞ்சள் என்று வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? செருகினாள், டிக் என்றது. அந்த டிக் அவளுக்குப் பிடித்திருந்தது, எடுத்துவிட்டு இன்னொரு முறை செருகினாள். இனி இதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. கேள்வி என்ன கேள்வி, பழையது இருந்த இடம் மாடிப்படி ஜன்னல், அங்கேதான் மேலேயும் கீழேயும் எட்டும். ஆனால் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு பிளக் இருக்கிறது. அங்கே வைத்தால் இரும்பு பீரோ ஒரு பக்கம், கனத்த சுவர் ஒரு பக்கம், ஒரு பொட்டு கூட மேலே ஏறாது. கொஞ்ச நேரம் அந்த பீரோவை மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சுகம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பிறகு, படுக்கையறையில் காற்றோட்டம் போதாது, பெட்டி சூடாகிவிடும், ஜன்னல்தான் நல்லது என்று தீர்மானித்தாள். காற்றோட்டம்! யார் கேட்டார்கள் அவளிடம் காரணம்? ஜன்னலில் வைத்து நாலு கொம்பையும் நிமிர்த்தினாள். கொம்புகளில் இரண்டை மாடிப் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். அதற்கும் ஒரு காரணம் யோசித்தாள், அகப்படவில்லை, விட்டுவிட்டாள்.

போனில் பெயர்களாக வந்தது. பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களெல்லாம் காற்றில் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன, கூப்பிடாமலே. ஆர்.ஜே. இல்லம், அது ராஜாமணி சார் வீடு. ஆண்டவன் துணை. டோண்ட் டச், இது யார்? எதிர்வீட்டு வக்கீலாகத்தான் இருக்கும். இன்னொன்று வெறும் எண்ணும் எழுத்துமாக, பேர் வைக்கக் கூட நேரமில்லாத வீடு. இந்தப் பேரெல்லாம் சுவரைத் துளைத்து அவள் கூடத்துக்குள் வந்து நிற்கின்றன, கை நீட்டினால் தொடலாம், ஆனால் தொட முடியாது, உடம்பைக் கூடத் துளைத்துக்கொண்டுதானே போகும்? ராஜாமணி சார் வீடு தன் விலா வழியாகப் போகிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. இவற்றில் தன் பெட்டியும் நின்றது, கம்பெனி வைத்த பெயரோடு, நேற்று சேர்ந்த பிள்ளை மாதிரி மூலையில். அதைத் தொட்டு, பெட்டியின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த எண்ணை அடித்து, உள்ளே போனாள். ஒரு பக்கம் திறந்தது. புதிய பெயர். கீழே, புதிய கடவுச்சொல். இரண்டு காலிக் கட்டம். பெயர் வைப்பதென்பது சாதாரணமா? ஞானஸ்நானத்துக்கு எத்தனை யோசிக்கிறோம். பியூலா என்று வைக்கலாம், தன் பெட்டிதானே. ஒத்தக்கட்டை என்று வைக்கலாம். அடித்தே பார்த்தாள், ஆங்கில எழுத்தில், நன்றாகத்தான் இருந்தது. மேலே ஒருத்தி போனை எடுத்துப் பார்க்கும்போது பட்டியலில் அது நிற்கும், ராஜாமணி சாருக்கும் வக்கீலுக்கும் நடுவில். சுருக்கென்று தைக்கும். தைக்கட்டுமே. விரல் அந்தக் கடைசி எழுத்தின் மேல் நின்றது. பழைய பெட்டிக்கு எபி வைத்த பெயர் மேல்கீழ். ஒரே பெட்டி, மேலேயும் கீழேயும், வேறென்ன பேரு பெரியம்மா வைக்க, என்றான். கடவுச்சொல்லைக் கேட்டபோது, “இந்த வீட்டுல ஒரு நாளைக்கு அதிகமா கேக்குற வார்த்தை எதோ அதான்” என்று சிரித்துக்கொண்டே பிளக்கைப்பிடுங்கு என்று ஆங்கில எழுத்தில் அடித்தான். இன்னொன்றும் சொன்னான், பிற்பாடு ஒரு தடவை பெட்டியை மாற்றியபோது: “பழைய பேரும் பழைய பாஸ்வேர்டும் போட்டாப் போதும் பெரியம்மா, எல்லாப் போனும் தானா வந்து ஒட்டிக்கிடும். பெட்டி மாறினது அதுகளுக்குத் தெரியாது.”

அதுகளுக்குத் தெரியாது. இதைத்தான் இரண்டு நாளாக அவள் நாக்கில் போட்டுப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். போய்க் கதவைத் தட்ட வேண்டாம். நெட் போட்டிருக்கேன், எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டாம், அவள் வேண்டாமென்று சொல்லி மூக்கறுபட வேண்டாம். பழைய பேரைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். மேலே மேஜையில் கிடக்கிற போன் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். மனுஷர்கள் முறைத்துக்கொண்டிருந்தாலும் போனுக்கு ரோஷம் கிடையாது. ஆனால் மேபல்? ஒட்டிக்கொண்டது தெரிந்ததும் என்ன செய்வாள்? வீம்புக்கு அணைத்துவிட்டு மறுபடியும் மொட்டை மாடிக்கு ஏறுவாளா? ஏறக் கூடியவள்தான். அப்படி அவள் தலைக்கு மேலே ஏறிப் போகிற சத்தம் கேட்டால் தன்னால் தாங்க முடியாது, அன்றோடு முடிந்தது, பிறகு இந்தக் கதவு சாகிறவரை திறக்காது என்று பியூலாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. பயமா ஆசையா எது கூட என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. ஒத்தக்கட்டையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மேல்கீழ் என்று அடித்தாள். அடுத்த கட்டத்தில் பிளக்கைப்பிடுங்கு. அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தும் புள்ளியாக மாறி மறைந்தது. இவ்வளவு நாளும் இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல், சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. சேமி என்று ஒரு பொத்தான். அமுக்கினாள். பெட்டியின் விளக்கெல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி எரிந்தன.

கடைசி விளக்கைத்தான் பார்க்க வேண்டும். வந்த ஆள் சொல்லியிருந்தான், “யாராவது உபயோகிச்சா அது மினுக்கும் டீச்சர், இல்லன்னா சும்மா எரியும்.” அவளுடைய போன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே மினுக்குகிறது. சோதனையென்றால் சோதனையாகச் செய்ய வேண்டும். தன் போனில் வைஃபையை அணைத்தாள். விளக்கு நின்று நிதானமாக எரிந்தது. இனி இது மினுக்கினால் அது அவளில்லை, ராஜாமணி சாருமில்லை, வக்கீலுமில்லை. இந்தச் சொல் தெரிந்த போன் இந்த ஊரில் இன்னும் ஒன்றே ஒன்று. முழங்கையை ஜன்னல் திண்டில் ஊன்றி, விளக்குக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, மேகமா சாயங்காலமா என்று திரும்பிப் பார்க்கவில்லை. மேலே சத்தமே இல்லை. தூங்குகிறாளோ? மத்தியானம் தூங்க மாட்டாளே, தூங்கினால் தலை கனக்கும் என்பாள். ரசம் வைத்திருக்கிறாள், சீரக வாடை இறங்கி வருகிறது, கதவு அடைத்திருந்தாலும் வாடைக்கு வழி உண்டு. இந்நேரம்தான் எபி கூப்பிடுவான். மொட்டை மாடிக்குக் கிளம்பினால் முதலில் செருப்புச் சத்தம் கேட்கும். செருப்புச் சத்தம் வேண்டாம் ஆண்டவரே, வேறு எந்தச் சத்தமும் வரட்டும். விளக்கு எரிந்தது. எரிந்தது. பிறகு ஒரு முறை துடித்தது. கண் இமைத்ததோ என்னவோ, அவளுடைய கண். இமைக்காமல் பார்த்தாள். மறுபடியும் துடித்தது, பிறகு விட்டுவிட்டு, பிறகு படபடவென்று நிற்காமல். அம்மாடி! பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அவளுக்குள் இருந்த டீச்சர் எழுந்து வந்துவிட்டாள்: அவசரப்படாதே, இது பெட்டிக்கே உள்ள பழக்கமாகக் கூட இருக்கலாம், சும்மா மினுக்கிப் பார்க்கும், ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு எழுதக் கூடாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மேலே பேச்சுச் சத்தம் இருக்கிற மாதிரி இருந்தது. மேபல்தானா, இல்லை எதிர்வீட்டு டி.வி.யா? கதவு குறுக்கே நின்றது. அந்தக் கதவை அன்றைக்குச் சாத்தாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே இடறிக்கொண்டு, மறுபடியும் விளக்குக்கே வந்தாள்.

அப்போதுதான் இடித்தது. தூரத்தில், தாமிரபரணிக்கு அந்தப் பக்கம், கல்லுருண்டை உருட்டிய மாதிரி. பியூலாவின் கண் பிளக்குக்குப் போயிற்று. அதே பிளக், அதே கையெட்டும் தூரம். கண்ணாடி நூல் வழியாக இடி வராது டீச்சர், ஆனா கரண்ட் வழியா வரும், மறக்காம பிடுங்கிருங்க என்று அந்த ஆள் சொன்னதும் ஞாபகம் வந்தது. கை போயிற்று, பிளக்கைப் பிடித்தது, பிடித்தபடியே நின்றது. இழுத்தால் விளக்கு அணைந்துவிடும். மேலே பேசுவது மேபலாக இருந்தால், எபியின் முகம் பாதிச் சொல்லில் அறுந்துபோகும். அறுத்தது அக்கா என்று நினைப்பாள், வேணுமென்றே கொடுத்துவிட்டு வேணுமென்றே பிடுங்கினாள் என்று நினைப்பாள். மேபலாக இல்லாவிட்டால், மினுக்கியது வெறும் பெட்டிதான் என்றால், அது தெரியாமலே போய்விடும். தெரிந்துகொள்ள ஒரே வழி கொஞ்சம் பொறுப்பது. போன தடவை பொறுத்ததில் என்ன கிடைத்தது என்று மூக்கு ஞாபகப்படுத்தியது, அந்தக் கருகல் வாடை. மின்னியது. ஜன்னல் முழுக்க வெள்ளையானது. வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. அவள் மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள், வழக்கம் போல. எண்ணிக்கை முடிவதற்குள் இடி விழுந்துவிட்டது, கிட்டேதான், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போதும் பியூலா, போன தடவை செய்த மடத்தனத்தை மறுபடியும் செய்யாதே, யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பிடுங்கு என்று தன்னைத் தானே அதட்டி, விரலை இறுக்கினாள்.

“யக்கா! பிளக்கைப் பிடுங்கு! யக்கோவ்!”

கதவையும் துளைத்துக்கொண்டு வந்தது. படிக்கட்டின் உச்சியில் நின்று கத்துகிறாள், சுவரில் மோதி மோதி ஒரு பொட்டு சிந்தாமல் வந்தது. பெட்டி இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒட்டிக்கொண்டால்தானே தெரியும்! பியூலா பிளக்கை இழுத்தாள். விளக்கெல்லாம் அணைந்தன. வகுப்பறைக் குரலை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, “பிடுங்கிட்டேன்ட்டி!” என்று கத்தினாள்.

மழை பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து குரல் வந்தது, கொஞ்சம் தணிந்து.

“எபிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். அந்துபோச்சு.”

“மழை விடட்டும், மாட்டித்தாரேன்.”

“எப்படிம்மா உள்ள இருந்தே பேசுதன்னு கேட்டான். பெரியம்மை போட்டிருக்கான்னு சொன்னேன்.”

பியூலா பிடுங்கிய பிளக்கை ஜன்னல் திண்டில் வைத்தாள். மறுபடியும் மின்னியது, இந்தத் தடவை இடியும் கூடவே வந்தது. மேலே “ஏசுவே” என்று ஒரு சின்னச் சத்தம், போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

“யக்கா, நான் கீழ வரட்டா? ஒத்தையில இருக்க பயமா இருக்கு.”

“வா, வா. கதவு தொறந்துதான் கெடக்கு” என்றாள் பியூலா, யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் கதவைப் பார்த்தாள். மேலே முதல் படியில் கால் வைத்துவிட்டாள், கேட்கிறது, முழங்கால் வலிக்கு ஏற்ற மெதுவான கால். பியூலா ஜன்னல் திண்டைப் பிடித்துத் தம் கட்டி எழுந்தாள், மஞ்சள் வயரில் இடறாமல் தாண்டி, கதவுக்குப் போய், தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஆடியிலிருந்து அசையாமல் கிடந்து துரு ஏறியிருந்தது. சத்தமில்லாமல் வருமா என்று மெதுவாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிறீச்சென்று வீடே கேட்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு திறந்தது. படியில் இறங்கி வந்த கால் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் இறங்கியது.